எம்டன் கப்பலும் கிழிந்த உறைகளும்

ஒருவன் யாருக்கும் பிடி கொடுக்காமல் நினைத்த காரியத்தை முடித்துவிட்டு நழுவிப் போனால், "அவன் சரியான எம்டன்" என்கிறோம். கண்டிப்பான தந்தைக்கும் அந்தப் பெயர் உண்டு. கணக்கில் ஒரு காசும் விட்டுக் கொடுக்காத கடைக்காரருக்கும் உண்டு. 2006இல் ஒரு தமிழ்த் திரைப்படத்துக்கே அப்பெயரைச் சூட்டிப் பின்னர் மாற்றினார்கள். ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ஒரு சிறு துறைமுக நகரின் பெயர் அது. அந்நகரைக் கனவிலும் காணாத தமிழரின் நாவில் அது குடியேறி நூறாண்டுக்கு மேலாகிறது. குடியேற்றியது ஒரு போர்க்கப்பல். அக்கப்பல் சென்னையின் எதிரே நின்றதோ ஒரே ஓர் இரவு. அதுவும் அரை மணி நேரம்கூட இல்லை.

சொல்லைக் காப்பாற்றிய நாம், அச்சொல் பிறந்த நாட்களின் சான்றுகளைக் காப்பாற்றினோமா? இல்லை என்பதே என் கருத்து. கப்பலைப் பற்றி உலகம் நாள்வாரியாக, சில இடங்களில் மணிவாரியாகவே அறியும். அது குண்டு வீசிய ஊரின் சாதாரண மக்கள் அந்த வாரத்தில் எங்கே போனார்கள், யாருக்கு என்ன எழுதினார்கள், எழுதியது எப்போது போய்ச் சேர்ந்தது என்பதை அறிய நம்மிடம் வாய்மொழிக் கதைகளே மிகுந்திருக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது என்பதை எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

முதலில் கப்பலின் வரலாறு. டான்சிக் நகரிலிருந்த ஜெர்மானியப் பேரரசின் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு, 1908 மே மாதம் 26ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது எம்டன். 1909 ஜூலையில் பணியில் சேர்க்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 118 மீட்டர். 10.5 சென்டிமீட்டர் வாயுடைய பீரங்கிகள் 10. நிலக்கரியில் ஓடும் நீராவிப் பொறி. இன்றைய கணக்கில் சிறிய கப்பல்தான். அக்காலத்துக் கணக்கிலும் பெரிய கப்பல் அன்று. 1910இல் கீழ்த்திசைக்கு அனுப்பப்பட்டு, சீனக் கரையில் ஜெர்மனியின் வசம் இருந்த சிங்டாவ் துறைமுகத்தைத் தாயகமாகக் கொண்டது. வெள்ளை வண்ணமும் எடுப்பான தோற்றமும் கண்டு அதற்குக் 'கிழக்கின் அன்னம்' என்று பெயரிட்டார்கள்.

அன்னம் என்ற பெயரில் மயங்கிவிடக் கூடாது. 1911 தொடக்கத்தில், பசிபிக் கடலில் ஜெர்மனியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த போனாப்பே தீவில் சோக்கேஸ் என்ற வட்டாரத்து மக்கள் கட்டாய வேலையை எதிர்த்துக் கலகம் செய்தபோது, அவர்கள் மேல் குண்டு வீசிய கப்பல்களுள் எம்டனும் ஒன்று. கலகக்காரர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; எஞ்சிய மக்கள் வேறு தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். எம்டனின் கடைசித் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் பிடித்த கப்பல்களிலிருந்த மாலுமிகளைப் பத்திரமாகக் கரை சேர்த்தார் என்றும், பகைவரே மெச்சிய பண்பாளர் என்றும் ஆங்கிலப் பத்திரிகைகளே புகழ்ந்தன. அது உண்மை. அவர் 1913இல்தான் பொறுப்பேற்றார் என்பதும் உண்மை. ஆனால் கப்பலின் சரித்திரம் எழுதும்போது போனாப்பேயை ஒரு வரியில் தள்ளிவிட்டுச் சென்னையைப் பத்து பக்கம் எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. வெள்ளையர் வெள்ளையரிடம் காட்டிய பெருந்தன்மை புத்தகமாகிறது. தீவு மக்கள் பட்ட பாடு அடிக்குறிப்பாகிறது.

இனி அஞ்சலுக்கு வருவோம். வெளிநாட்டுக் கடல்களில் திரிந்த ஜெர்மன் போர்க்கப்பல்களில் தபால் ஏற்பாடு இருந்தது. மாலுமிகள் தம் வீட்டுக்கு எழுதும் கடிதங்களின் மேல் கப்பலிலேயே முத்திரை குத்துவார்கள். வட்டமான அம்முத்திரையில் பேரரசின் கடற்படைக் கப்பல் அஞ்சல் என்ற பொருள்படும் ஜெர்மன் சொற்களும், தேதியும், ஓர் எண்ணும் இருக்கும். கப்பலின் பெயர் இராது. எந்த எண் எந்தக் கப்பலுக்கு உரியது என்பது கடற்படைக்கும் பெர்லினிலிருந்த கடற்படைத் தபால் பிரிவுக்கும் தெரியும். வழியில் உறையைப் பார்ப்பவனுக்குத் தெரியாது. எண்ணும் நிலையானதன்று. ஒரு கப்பல் பணியிலிருந்து விலகினால் அதன் எண் இன்னொன்றுக்குப் போகும்.

இந்த முறை நமக்கு அந்நியமானதன்று. 1914இல் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற படைகளின் களத் தபால் நிலையங்களும் ஊர்ப்பெயரை விட்டு எண்ணையே முத்திரையில் பொறித்தன. அப்படையினருக்காக ஐந்தாம் ஜார்ஜ் தலையுள்ள தபால் தலைகளின் மேல் ஐ.இ.எஃப். என்ற எழுத்துகளை அச்சடித்தார்கள். இன்றும் நம் ராணுவ வீரருக்குக் கடிதம் எழுதுவோர் '56 ஏ.பி.ஓ.' என்றோ '99 ஏ.பி.ஓ.' என்றோதான் எழுதுகிறார்கள்; அவர் லடாக்கில் இருக்கிறாரா, அசாமில் இருக்கிறாரா என்பது உறையில் தெரியாது. கடற்படை வீரருக்குக் கப்பலின் பெயரை எழுதி, மும்பையிலோ விசாகப்பட்டினத்திலோ கொச்சியிலோ உள்ள கடற்படை அஞ்சல் அலுவலகத்தின் மேற்பார்வைக்கு என்று முகவரி இடுகிறார்கள். கப்பல் எங்கே இருக்கிறதோ அங்கே கடிதம் தேடிப் போகும். தாய் மகனுக்கு எழுதும் கடிதத்தில்கூட நாட்டின் பாதுகாப்பு கணக்கில் வருகிறது.

சிங்டாவில் எம்டன் நின்ற நாட்களில் மாலுமிகளின் கடிதங்கள் சைபீரிய ரயில் வழியாகவும் ஜெர்மனிக்குப் போயின. கப்பல் வழியே மாதக் கணக்கில் ஆவதை ரயில் இரண்டு வாரங்களாகக் குறைத்தது. அங்கே ஜெர்மன் தபால் நிலையம் விற்ற தபால் தலையில் மன்னர் கைசரின் உல்லாசக் கப்பலான ஹோகன்சாலர்ன் படம் அச்சாகியிருந்தது. 1914 ஜூலை 31ஆம் நாள் எம்டன் சிங்டாவை விட்டுப் புறப்பட்டது. தன் அணியை விட்டுத் தனியே வேட்டைக்குக் கிளம்பிய பின் அந்தக் கப்பல் நட்புத் துறைமுகம் எதனுள்ளும் அமைதியாக நங்கூரமிட்டுத் தபால் பை இறக்கவில்லை. தான் இருக்கும் இடத்தை மறைத்தே பிழைக்க வேண்டிய கப்பல் அது; தேதி குத்திய கடிதத்தை ஊருக்கு ஊர் போட்டுக்கொண்டு போகுமா?

ஆகஸ்டு நடுவில் பசிபிக்கின் பாகன் தீவருகே தன் அணியை விட்டுப் பிரிந்து, மார்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு மேற்கே வந்தது எம்டன். தனக்கு இருந்த மூன்று புகைபோக்கிகளோடு துணியாலும் மரத்தாலும் நான்காவது ஒன்றைப் பொய்யாக நிறுத்திக்கொண்டது. தூரத்திலிருந்து பார்ப்போர் ஆங்கிலேயர் கப்பல் என்று எண்ணட்டும் என்பது சூழ்ச்சி. செப்டம்பர் 10ஆம் நாள் வங்காள விரிகுடாவில் வேட்டை தொடங்கியது. பொந்தோபோரஸ், இண்டஸ், லோவட், கபிங்கா, கில்லின், டிப்ளமாட், டிராபோக், கிளான் மேத்தசன் என்று சில நாட்களுக்குள் வரிசையாகச் சிக்கின. டிப்ளமாட்டோடு தேயிலை மூழ்கியது. கபிங்காவில் கப்பல் தலைவரின் மனைவியும் குழந்தையும் இருந்ததால் அதை மூழ்கடிக்காமல், பிடிபட்ட மாலுமிகளை அதில் ஏற்றி விடுவித்தார்கள். இண்டஸில் சோப்பு ஏராளமாக இருந்தது. அதைக் கேள்விப்பட்ட கல்கத்தா சோப்புக் கம்பெனி ஒன்று, எங்கள் சோப்பின் அருமை தெரிந்தே எம்டன் அக்கப்பலைப் பிடித்தது என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தது. பின்னர்ப் பிடித்த வேறொரு கப்பலில் கிடைத்த செய்தித்தாளில் அந்த விளம்பரத்தைக் கண்டு எம்டன் மாலுமிகள் சிரித்தார்களாம். வியாபாரி எந்த யுத்தத்திலும் வியாபாரிதான்.

சிரிப்பை விட்டுவிட்டு அந்தச் செய்தித்தாளைக் கவனிக்க வேண்டும். துறைமுகம் எதையும் அணுக முடியாத எம்டனுக்கு உலகச் செய்தி கிடைத்த வழிகளுள் முக்கியமானது, பிடித்த கப்பல்களிலிருந்த பத்திரிகைகள். எந்தக் கப்பல் எங்கிருந்து எப்போது புறப்படும் என்பதெல்லாம் அவற்றில் அச்சாகியிருந்தது. ஆட்சியாளர்கள் தபாலைத் தணிக்கை செய்யத் தொடங்கியிருந்த நேரத்தில், அச்சுத்தாளே பகைவனுக்குத் தூது போயிற்று.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி அளவில் எம்டன் சென்னைக்கு எதிரே வந்தது. உயர் நீதிமன்றத்தின் உச்சியில் அப்போதிருந்த கலங்கரை விளக்கு வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய மூவாயிரம் கெஜ தூரத்தில் நின்று, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலும் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் உயிரிழந்தனர். கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டவை எம்டன் மேல் படவில்லை. விளக்கை அணைத்துக்கொண்டு அது இருளில் மறைந்து, தெற்கே இலங்கைப் பக்கம் போயிற்று.

இதுவரை கப்பலின் பக்கம். அடுத்த நாள் காலை முதல் சென்னையின் பக்கம் என்ன? ஊரே காலியாயிற்று என்பார்கள். ரயிலடியில் கூட்டம் தாங்கவில்லை என்பார்கள். மாட்டு வண்டிகளில் பண்ட பாத்திரங்களோடு செங்கல்பட்டுப் பக்கம் போனவர்கள், மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிவிட்டுத் தஞ்சைக்குப் போனவர்கள் என்று குடும்பத்துக்குக் குடும்பம் கதை உண்டு. நம் பெருங்குடி அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர். இந்தப் பக்கமும் உறவினரைத் தேடி வந்தவர்கள் இருந்திருக்கலாம். கதைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. பாட்டி சொன்னது பேத்திக்கு வரும்போது இருபது வண்டி இருநூறாவது இயல்பு. அதைச் சரிபார்க்க ஒரு தாள் வேண்டும்.

அந்தத் தாள் எது? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசின் தாள்கள் உள்ளன. 'இந்து', 'மெட்ராஸ் மெயில்', 'சுதேசமித்திரன்' ஆகியவை அன்று வெளிவந்துகொண்டிருந்தன. அவை ஆள்வோரின் கண்காணிப்பில் வெளிவந்தவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆள்வோர் மக்களுக்குத் தைரியம் சொல்ல விரும்பினார்கள். அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு குமாஸ்தா தன் மைத்துனருக்குக் கும்பகோணத்துக்கு எழுதிய காலணா கார்டு யாருக்கும் தைரியம் சொல்வதற்காக எழுதப்பட்டதன்று. 1914இல் கார்டின் விலை காலணா, கவர் அரையணா. இரண்டு காசு இல்லாதவன் பேரிங்காகவும் போடலாம்; பெறுபவர் இரட்டிப்புக் கொடுத்து வாங்கிக்கொள்வார். ஏழைக்கும் எட்டிய எழுத்து அது.

அந்தக் கார்டின் மேல் விழுந்த முத்திரைதான் நான் சொல்ல வந்த செய்தி. அக்கால இந்தியத் தபால் முறையில் ஒரு கடிதத்தின் மேல் புறப்பட்ட நிலையத்தின் முத்திரையும் உண்டு, போய்ச் சேர்ந்த நிலையத்தின் முத்திரையும் உண்டு. ஊர்ப்பெயர், நாள், பல சமயம் வேளையும் சேர்த்து. எழுதியவர் தேதியைத் தவறாகப் போடலாம். வேண்டுமென்றே மாற்றியும் போடலாம். முத்திரை குத்திய தபால் ஊழியருக்கு அந்தக் கடிதத்தில் எந்த ஆதாயமும் இல்லை. ஆதாயமற்ற சாட்சியைவிட நல்ல சாட்சி உண்டோ?

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் கடிதம் ரயிலில் பம்பாய் போய், அங்கிருந்து மேற்கே கப்பலேறும். அந்தக் கப்பல்களில் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே 1868 முதல் கடல் தபால் நிலையமே இயங்கி, போகும்போதே கடிதங்களைப் பிரித்து அடுக்கிற்று. 1914இல் போர் மூண்டதும் அது நின்றது. எம்டன் திரிந்ததோ வங்காள விரிகுடாவில். ஆகவே முதலில் அடி விழுந்தது இரங்கூன் வழிக்கு. பர்மாவில் அன்று கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரும், நெல் வயலிலும் ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழரும் ஏராளம். அவர்கள் கடிதமும் உண்டியலும் கடல் வழிதான் வரவேண்டும். எம்டனுக்கு அஞ்சிக் கப்பல்கள் துறைமுகத்திலேயே முடங்கிய நாட்களில் அந்தக் கடிதங்களும் பையில் கிடந்தன.

இப்போது ஒரு செட்டிநாட்டு வீட்டில் 1914 ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் இரங்கூன் உறைகள் வரிசையாகக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். புறப்பட்ட முத்திரையின் நாளை, சேர்ந்த முத்திரையின் நாளிலிருந்து கழித்தால் போதும். ஆகஸ்டில் எத்தனை நாள், செப்டம்பர் நடுவில் எத்தனை நாள், நவம்பரில் எத்தனை நாள் என்று கணக்கு விழும். ஒரே ஒரு கப்பல் தமிழரின் வாழ்க்கையை எத்தனை நாள் நிறுத்தி வைத்தது என்பதை எந்த ஜெர்மன் தளபதியின் நூலும் சொல்லாது. இந்தக் கழித்தல் கணக்கு சொல்லும். நான்காம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. ஆனால் உறை வேண்டும். அதுவும் தபால் தலை கிழிக்கப்படாத முழு உறை வேண்டும்.

தபாலின் அருமையை எம்டனே இன்னொரு விதத்தில் அறிந்திருந்தது. அக்டோபர் 9ஆம் நாள் அது டீகோ கார்சியா தீவில் நின்றது. ஆண்டுக்குச் சில முறையே கப்பலும் தபாலும் வரும் தீவு. பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட அத்தீவினர், போர் மூண்டதையே அறியாமல் விருந்தாளிகளை வரவேற்றார்கள்! ஜெர்மானியர் நிலக்கரி ஏற்றி, கப்பலின் அடிப்புறம் சுரண்டி, போதாக்குறைக்குத் தீவு மேலாளரின் மோட்டார் படகையும் பழுதுபார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு தபால் பை முன்னதாக வந்திருந்தால் அந்த உபசாரம் நடந்திருக்குமா? அதே மாதம் 28ஆம் நாள் பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து ரஷ்யக் கப்பல் செம்சுக்கையும், வெளியே பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயையும் மூழ்கடித்தது.

நவம்பர் 9ஆம் நாள் கோக்கோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்கப் போனது. அந்தச் சிறு தீவில்தான் ஆஸ்திரேலியாவையும் ஆப்பிரிக்காவையும் கிழக்கிந்தியத் தீவுகளையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிகள் சந்தித்தன. நிலையத்தார் அந்நியக் கப்பல் வருகிறது என்று கம்பியில்லாத் தந்தியில் அலறிவிட்டார்கள். அருகில் படைக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்தது. எம்டன் சிதைந்து வடக்குக் கீலிங் தீவின் பவழப் பாறையில் மோதி நின்றது. அதன் மாலுமிகளில் 130 பேருக்கு மேல் மாண்டனர். கரையில் இறங்கியிருந்த ஃபான் முக்கே என்ற அதிகாரியும் சுமார் 50 பேரும் ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறித் தப்பி, அரேபியா வழியாக 1915இல் கான்ஸ்டாண்டிநோபிள் போய்ச் சேர்ந்தது தனிப் புராணம். சிறைப்பட்ட முல்லர் மால்டா தீவில் அடைக்கப்பட்டார். போர்க் கைதிகளின் கடிதத்துக்குக் கட்டணம் இல்லை என்பது 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை. ஆகவே தபால் தலையின்றி, போர்க்கைதி என்ற குறியும் தணிக்கை முத்திரையும் தாங்கிய உறைகளே எம்டன் வீரர்களின் கடைசி அஞ்சல் அத்தியாயம்.

சென்னையைத் தாக்கிய எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று மேடைகளில் முழங்குகிறார்கள். பாடப் புத்தகம் போலவே பலர் நம்புகிறார்கள். செண்பகராமன் மெய்யான தேசபக்தர். 1914இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் இந்திய விடுதலைக்காகப் பத்திரிகை நடத்தியவர். அவ்வாண்டிலேயே பெர்லின் போய் இந்தியப் புரட்சியாளர் குழுவில் உழைத்தவர். அதெல்லாம் அவர் புகழுக்குப் போதும். கப்பலோ ஆகஸ்டு தொடக்கத்திலேயே சீனக் கரையை விட்டது. அதன் பிறகு ஐரோப்பாவிலிருந்து ஒருவர் அதில் ஏறுவதற்கு வழி ஏது? ஜூரிக்கில் இருந்தவர் வங்காள விரிகுடாவில் எப்படி முளைப்பார்? கப்பலின் பணி வரலாற்றை வைத்துப் பார்த்தால் கதை நிற்கவில்லை. அப்படியும் கேட்க விரும்புவோர்க்கு ஒன்று சொல்வேன்: அந்த மாதங்களில் அவர் கையெழுத்தோடு ஓர் ஊர் முத்திரை தாங்கிய உறை கிடைத்தால் விவாதமே முடிந்தது. நம் பெருமைக்கு ஆதாரமாகத் தாளைத் தேடாமல், தாள் இல்லாத இடத்தில் பெருமையை நட்டு வைக்கிறோம். அதனால் மெய்யான செண்பகராமனும் அல்லவா மறைந்து போகிறார்?

இந்த அறிவு போலிகளையும் பிடித்துக் கொடுக்கும். பழம்பொருள் சந்தையில் எம்டன் என்ற பெயருக்கு விலை அதிகம். "எம்டன் சென்னையைத் தாக்கியபோது கப்பலிலிருந்து போட்ட கடிதம்" என்று எவரேனும் நீட்டினால், 1914 செப்டம்பரில் அது எந்தத் தபால் நிலையத்தில் எப்படி இறங்கியது என்று கேட்டால் போதும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சிட்னி நகரின் ஹைடு பூங்காவில் எம்டனின் பீரங்கி ஒன்று 1917 முதல் நிற்கிறது. கோக்கோஸ் தீவுகள் 1989இல், எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவாகத் தபால் தலைகள் வெளியிட்டன. மக்கள் தொகை ஆயிரத்தைத் தொடாத தீவுகள் அவை. தப்பிப் பிழைத்த ஜெர்மன் மாலுமிகள் தம் குடும்பப் பெயரோடு எம்டன் என்பதைச் சேர்த்துக்கொள்ள அனுமதி பெற்றார்கள். நம்மிடம் உயர் நீதிமன்ற மதிலோரம் ஒரு கல்வெட்டுப் பலகையும், அருங்காட்சியகத்தில் குண்டுச் சிதறலும் உள்ளன. பலகையைப் பார்க்க எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை அவ்வழியே போவோர் அறிவர். அங்கிருந்து சற்று வடக்கே நடந்தால் 1884 முதல் கடலை நோக்கி நிற்கும் சிவப்புக் கட்டிடமான பொதுத் தபால் நிலையம். அடுத்த நாள் காலை அச்சங்கொண்ட ஊரின் கடிதங்கள் குவிந்த இடம் அது.

காப்பாற்றத் தெரியாத இனமா நாம்? அப்படிச் சொன்னால் நன்றி கெட்டவர்களாவோம். குண்டு விழுந்த ஆண்டில் மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் உ.வே. சாமிநாதையர். தமக்கு வந்த கடிதங்களை ஆயிரக்கணக்கில் பேணி வைத்துப் போனார். பெசன்ட் நகரில் அவர் பெயரால் உள்ள நூல்நிலையத்தில் அவை இருக்கின்றன. அண்மைக் காலத்தில் நூலாகவும் வரத் தொடங்கியுள்ளன. ஏடு தேடிய கை, கடிதத்தையும் எறியவில்லை. துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்குக் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை ஹார்டி எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது காக்கப்பட்டது கேம்பிரிட்ஜில். நம் ஊரிலிருந்து போன கடிதம் அங்கே பத்திரமாக இருக்கிறது; அங்கிருந்து நம் வீடுகளுக்கு வந்தவை எத்தனை தப்பின?

எங்கே போகின்றன என்று நம் ஊர்க்காரர் கேட்க வேண்டியதில்லை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, பரணிலிருந்த டிரங்குப் பெட்டி முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. கடைக்காரர் வேண்டாதவை என்று ஒதுக்கியவை மாநகராட்சி வண்டியில் ஏறுகின்றன. தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாக வந்து சேர்ந்த இடம் பெருங்குடிக் கிடங்கு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் மலையாக உயர்ந்தது. அண்மை ஆண்டுகளில் அதைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் பணியை மாநகராட்சி மேற்கொண்டது. பிளாஸ்டிக் மீண்டு வரும், இரும்பு மீண்டு வரும். காலணா கார்டு மீளாது.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. படித்தவர்கள் செய்வதுதான் வருத்தம் தருகிறது. தபால் தலை சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு என்று பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறோம். உறையின் மூலையைக் கிழித்து, வெந்நீரில் ஊறவைத்து, தலையை உரித்து, ஆல்பத்தில் ஒட்டு என்றும் சொல்லிக் கொடுக்கிறோம். முத்திரையில் பாதி தலையின் மேலும் பாதி உறையின் மேலும் விழுந்திருக்கும். உரித்தவுடன் ஊர்ப்பெயரும் நாளும் இரண்டாக அறுபடுகின்றன. பின்புறம் விழுந்த சேர்ந்த நாள் முத்திரை குப்பைக்குப் போகிறது. மிஞ்சுவது லட்சக்கணக்கில் அச்சான ஒரு மன்னர் தலை. அரிய சாட்சியைக் கொன்று மலிவான படத்தை வைத்துக்கொள்கிறோம்.

சிலர் மறுப்புக் கூறலாம். கடிதம் குடும்பத்தின் அந்தரங்கம். கடனும் சண்டையும் அதில் இருக்கும். ஊரார் படிக்க வைக்கலாமா என்பார்கள். நியாயமான கேள்வி. உள்ளே இருக்கும் கடிதத்தைத் தர மனமில்லாதவர் வெறும் உறையை மட்டும் தரட்டும். நான் மேலே சொன்ன கழித்தல் கணக்குக்கு உறை போதும். கார்டாக இருந்தால் எழுதிய பக்கத்தைப் பார்க்காமல் முகவரிப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடலாம். இன்னும் சிலர், இது அரசின் வேலை, ஆவணக் காப்பகம் எதற்கு இருக்கிறது என்பார்கள். அரசு அரசின் தாளைக் காக்கும். என் பாட்டனார் தம் அத்தைக்கு எழுதிய கார்டை அரசு எப்படித் தேடி வரும்? அதற்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரிதான் பொருத்தமான இடம். நம்மிடம் படிக்கும் மாணவரின் வீடுகள் கொட்டிவாக்கம் முதல் சோழிங்கநல்லூர் வரை பரவியிருக்கின்றன. கிராமத்து வேர்களோ மதுரை, காரைக்குடி, திருநெல்வேலி வரை போகின்றன. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகளும் சென்னையில் உண்டு. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீட்டுத் தூண்களோடு தகரப் பெட்டிகளும் விலைக்கு வருகின்றன. தூணை வாங்குவோர் இருக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளை யார் கேட்கிறார்கள்?

வரலாற்றுத் துறையில் ஒரு இரும்பு அலமாரியும் ஒரு பதிவேடும் இருந்தால் தொடங்கிவிடலாம். 1914 என்று மட்டும் பார்க்க வேண்டாம். 1942இல் ஜப்பானியக் குண்டுக்கு அஞ்சிச் சென்னை மீண்டும் காலியானபோது எழுதியவை, 1971 போரின்போது கடற்படைக் கப்பல்களிலிருந்து வந்தவை, வளைகுடா நாடுகளுக்குப் போன தந்தையர் எழுதிய வான் அஞ்சல்கள், எல்லாமே வரலாறுதான். பதிவேட்டில் ஐந்து செய்தி போதும்: புறப்பட்ட ஊர், புறப்பட்ட நாள், சேர்ந்த ஊர், சேர்ந்த நாள், வேறு முத்திரை ஏதேனும் உண்டா. பேரிங் என்றோ, தணிக்கை என்றோ, வழி மாறிப் போனது என்றோ குத்தியிருந்தால் அதையும் எழுதிக்கொள்ளலாம். எங்கிருந்து கிடைத்தது என்பதைக் கொடுத்தவர் விரும்பினால் மட்டும் எழுதலாம்.

விடுமுறைக்கு ஊர் போகும் நண்பர்கள் பரணைப் பார்த்துவிட்டு வர வேண்டும். எடுத்து வருவோர் செல்லோ டேப் ஒட்ட வேண்டாம். அது சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். ரப்பர் பேண்டும் குண்டூசியும் வேண்டாம். பூச்சி அரித்த தாளை வெயிலில் காயப் போடுவதும் கூடாது. மடிந்ததை வலுவில் நிமிர்த்தாமல், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்துக்குள் செருகிக் கொண்டுவந்தால் போதும். குறிப்பு எழுத வேண்டுமானால் பென்சிலால், தனித் தாளில். தபால் தலை அழகாக இருக்கிறது என்று தம்பியோ தங்கையோ கேட்டால், கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.